எலும்புக்குப் பொறுமை, நரம்புக்குக் கெடு

பெரிய விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவரும் நாளில் கூடத்தில் கட்டில் போட்டாகிவிடும். பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் மாத்திரைப் பை, தண்ணீர்ச் செம்பு. பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்து உட்கார்ந்து, "கண்டம் தாண்டியாச்சு, இனிமே என்ன, மூணு மாசத்துல எந்திரிச்சு ஓடுவான் பாரு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். என் தம்பியை விழுப்புரத்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றும் அப்படித்தான் சொன்னார்கள். பைக்கில் போனவனை லாரி உரசித் தள்ளியதில், வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அவன் ஏ.சி. மெக்கானிக், ஏணியில் நின்று சம்பாதிக்கிறவன். மூன்று மாதம் என்பதை அவனும் நம்பினான், நானும் நம்பினேன். கையில் எதையும் பிடிக்காமல் தெருமுனை வரை நடக்க அவனுக்குப் பதினொரு மாதம் ஆனது.

அந்தப் பதினொரு மாதத்தில் எங்களுக்குப் புரிந்தது இதுதான்: உடம்பின் பாகங்கள் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. எலும்புக்கு ஒரு வேகம், தசைக்கு ஒரு வேகம், நரம்புக்கும் மூளைக்கும் வேறு. இதில் சிலவற்றுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். வேறு சிலவற்றில் காத்திருந்தால் போனது போனதுதான், பிறகு எத்தனை லட்சம் செலவழித்தாலும் திரும்பாது. எது எந்த வகை என்று டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. வார்டில் அவ்வளவு கூட்டம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எலும்பு. பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பு அடிக்கடி உடைவதற்குக் காரணம் உண்டு. வண்டிக்கும் சாலைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது அந்தப் பகுதிதான். அதன் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படும். சதைப்பற்று கிடையாது. ஆகவே உடைந்தால் எளிதில் வெளியே வந்துவிடும், மண்ணும் தாரும் உள்ளே போகும். உடைந்த எலும்புக்குச் சுற்றியுள்ள சதையிலிருந்தும் ரத்தம் வர வேண்டும். அது குறைவாக உள்ள இடம் ஆறுவதும் மெதுவாகத்தான்.

உடைந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் கட்டிக்குள் குருத்தெலும்பு போன்ற மெத்தென்ற ஒரு பாலம் உருவாகும். கால்லஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அடுத்த சில வாரங்களில் அதில் கால்சியம் படிந்து கெட்டிப்படும். பிறகு ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு உடம்பு அதைச் செதுக்கிச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும். தோல் கிழியாத முறிவாக இருந்தால் கீழ்க்கால் எலும்பு கூட நான்கைந்து மாதம் ஆகலாம். தோலும் சதையும் போயிருந்தால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்கூட ஆகும். மூன்றாவது மாத எக்ஸ்ரேயில் கோடு தெரிகிறது என்று பதறி டாக்டரை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எலும்பு கூடிவருகிறதா, அப்படியே நின்றுவிட்டதா என்று தெரியும். பழைய படங்களை ஒன்றுவிடாமல் எடுத்துப்போங்கள். ஒன்பது மாதம் ஆகியும் கூடவில்லை, கடைசி மூன்று மாதப் படங்களில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் அது இனித் தானாகக் கூடாது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். அப்போது மறுபடி அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும்.

உள்ளே வைக்கும் ராடு எலும்பை ஒட்டவைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எலும்பின் நடுக்குழலில் நீளமாக ஒரு கம்பியைச் செருகும் இந்த முறையை ஜெர்மானிய மருத்துவர் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1940 வாக்கில் உலகுக்குக் காட்டினார். கம்பியின் வேலை எலும்பை நேராகப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டும்தான். கூட வேண்டியது எலும்பே. ஒரு மெல்லிய கம்பியை மேலும் கீழுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று முறிகிறதல்லவா? ராடும் அப்படித்தான். எலும்பு கூடாமலே ஆள் நடந்துகொண்டிருந்தால், என்றாவது ஒரு நாள் உள்ளேயே உடையும். அதற்கு முன் எலும்பு கூடிவிட வேண்டும்.

ராடுக்கும் எலும்புக்கும் நடக்கும் இந்தப் பந்தயத்தில் எலும்பைத் தோற்கடிக்கும் பெரிய எதிரி சிகரெட்டும் பீடியும். நிகோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, உடைந்த இடத்துக்கு ரத்தம் போவது குறைகிறது. புகைப்பவர்களுக்கு எலும்பு கூடத் தாமதமாவதும், கூடாமலே போவதும், புண் சீழ் பிடிப்பதும் அதிகம். புகையிலை, ஹான்ஸ் எல்லாவற்றிலும் நிகோடின் உண்டு. வலிக்குத் துணையாக ஒன்றே ஒன்று என்று நண்பர்கள் மறைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த நண்பர்களிடம் கோபித்துக்கொள்ளத் தயங்காதீர்கள்.

நாட்டுக் கட்டு பற்றிச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் நம் பக்கத்தில் எலும்பு முறிந்தால் பாதிப் பேருக்கு முதலில் நினைவு வருவது புத்தூர்க் கட்டுதான். தோல் கிழிந்த முறிவுக்கும், மூட்டுக்குள் போன முறிவுக்கும் கட்டு போதாது. உள்ளே இருக்கும் அழுக்கை வெட்டிக் கழுவி எடுக்காமல் மேலே மூங்கில் பட்டை வைத்துக் கட்டினால் சீழ் எலும்புக்குள் இறங்கும். இன்னொரு ஆபத்து, கட்டு எதுவாக இருந்தாலும் உண்டு, மாவுக்கட்டு உட்பட. அடிபட்ட கால் வீங்கும்போது கட்டு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுவிடும். மாத்திரைக்கு அடங்காத வலி, கால் விரலைப் பிடித்து லேசாக மடக்கினாலே உயிர் போகிற வலி, ஆடுசதை கல்லுப்போல் இறுகுவது, விரல் மரத்துப்போவது ஆகியவை இதன் அடையாளங்கள். சில மணி நேரத்தில் தசை செத்துப்போகும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக் கூடாத ராத்திரி அது.

இதே வகையில் இன்னும் இரண்டைச் சொல்லி நகர்ந்துவிடுகிறேன். படுத்தே கிடப்பவரின் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி ஆடுசதை வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அது நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறும், நெஞ்சு வலிக்கும், உயிரே போகலாம். அறுவை செய்த இடத்தில் புதிதாகச் சிவப்பு, நீர்க் கசிவு, கூடவே காய்ச்சல் வந்தால் தெருவோர மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாமல், அறுவை செய்தவரிடமே அன்றே காட்டுங்கள்.

கால் தங்குமா, எடுக்க வேண்டுமா என்ற கேள்வி வரும் குடும்பங்கள் உண்டு. நசுங்கிப்போன காலைப் பார்த்து அவசரத்தில் எடுப்பதும் தவறு, காப்பாற்றவே முடியாததை மாதக்கணக்கில் இழுப்பதும் தவறு. இதைக் கணக்கிட கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரனும் குழுவினரும் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கி 2006இல் வெளியிட்டார்கள். மூடியிருக்கும் தோல், எலும்பு, வேலை செய்யும் தசை நரம்புகள் என்று மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண். சர்க்கரை, வயது, அதிர்ச்சி போன்றவற்றுக்குக் கூடுதல் மதிப்பெண். மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே என்றால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம். 17, அதற்கு மேல் என்றால் எடுப்பதே நல்லது. இரண்டுக்கும் நடுவே இருந்தால் நோயாளியையும் குடும்பத்தையும் வைத்துப் பேசி முடிவெடுக்க வேண்டும். நம் ஊர்ச் சாலைகளில் அடிபட்டவர்களைப் பார்த்துப் பார்த்து நம் ஊரில் செய்த அளவுகோல் இது, வெளிநாட்டு மருத்துவர்களும் எடுத்தாளுகிறார்கள். டாக்டர் "ஸ்கோர்" என்று சொன்னால் எத்தனை என்று தைரியமாகக் கேளுங்கள்.

எலும்பே ஒரு துண்டு போய்விட்டால்? இதற்கு விடை தந்தவர் சைபீரியாவின் கூர்கன் நகரத்தில் இருந்த மருத்துவர் கவ்ரீல் இலிசாரோவ். காலைச் சுற்றி வட்ட வளையங்கள், சைக்கிள் ஸ்போக் போன்ற மெல்லிய கம்பிகளை எலும்பில் குறுக்காகச் செருகி வளையத்தில் இழுத்துக் கட்டுவது, பிறகு எலும்பை வேறொரு நல்ல இடத்தில் வெட்டி, திருகாணியைத் திருகி நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் மெல்ல விலக்குவது. கால் மில்லிமீட்டராக நாலு வேளை. விலகும் இடைவெளியில் புது எலும்பு வளரும். வேகமாக விலக்கினால் வளராது, மிக மெதுவாக விலக்கினால் இடையிலேயே கூடிப்போய்விடும்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய சோவியத் வீரர் வலேரி புரூமெல் அடுத்த ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கினார். அவருடைய உலக சாதனை அப்போது 2.28 மீட்டர். கால் சிதைந்தது. அறுவை மேல் அறுவை, ஆண்டுக்கணக்கில் ஆறாத எலும்பு. 1968இல் இலிசாரோவிடம் போனார். மறுபடி நடந்தது மட்டுமல்ல, இரண்டு மீட்டருக்கு மேல் தாண்டவும் செய்தார். பழைய சாதனையை அவரால் தொட முடியவில்லை. ஆனால் நான் அந்த வளையங்களை முதன்முதலில் ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண்ணின் காலில் பார்த்துப் பயந்தபோது, இந்தக் கதையைத்தான் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

எலும்புக்குப் பொறுமை என்றேன். மூட்டுக்கும் தசைக்கும் அது பொருந்தாது. நாங்கள் செய்த பெரிய தவறு இங்கேதான் நடந்தது. "அசையக் கூடாது" என்று யாரோ சொன்னதை அம்மா வேதவாக்காக எடுத்துக்கொண்டு முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து ஆறு வாரம் படுக்க வைத்துவிட்டார். டாக்டர் அசைக்க வேண்டாம் என்றது உடைந்த இடத்தை. நாங்கள் கட்டிப்போட்டது முழங்காலையும் கணுக்காலையும் சேர்த்து. ஆறாவது வாரம் வந்த பிசியோதெரபிஸ்ட் பெண், காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, எலும்பு நல்லாத்தான் இருக்கு. முட்டிதான் இறுகிப்போச்சு" என்றார். அதை மடக்கப் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அசையாத மூட்டைச் சுற்றிய சவ்வு சுருங்கும், தழும்பு ஒட்டிக்கொள்ளும். அசையாத தசையின் பலம் நாளுக்கு ஒரு சதவீதமாவது குறையும். அறுவைக்கு மறுநாளே, படுத்தபடியே செய்யக்கூடிய சில உண்டு. பாதத்தை முன்னும் பின்னும் பெடல் மிதிப்பதுபோல் ஆட்டுவது ரத்தம் உறையாமலும் காக்கும். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, துண்டை நசுக்குவதுபோல் அழுத்தி ஐந்தாறு எண்ணும்வரை பிடித்து விடுவது தொடைத் தசைக்கு. எதை எப்போது தொடங்கலாம் என்பது முறிவைப் பொறுத்தது, அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போதே "எந்த மூட்டை மடக்கலாம், எவ்வளவு எடை வைக்கலாம், எந்தத் தேதியிலிருந்து" என்ற மூன்று கேள்வியையும் கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எடை வைப்பதில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து எதையும் செய்யாதீர்கள். எலும்பின் நடுவில் உடைந்து ராடு வைத்தவரைச் சில நாளிலேயே காலை ஊன்றச் சொல்லலாம். முழங்கால் மூட்டுக்குள் உடைந்து பிளேட் வைத்தவர் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஊன்றவே கூடாது என்பார்கள், ஊன்றினால் மூட்டின் வழவழப்பான பரப்பு உள்ளே அமுங்கிவிடும். இரண்டு பேரும் வெளியில் சொல்லிக்கொள்வது "கால் உடைஞ்சிருச்சு" என்றுதான். "20 கிலோ வரை ஊன்றலாம்" என்று சொல்கிறார்களே, 20 கிலோ எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடிபட்ட காலை அதன்மேல் அழுத்தி முள் 20க்கு வரும்வரை பழகச் சொன்னார் அந்தப் பிசியோ பெண். நாலு நாளில் தம்பியின் காலே கணக்கு சொல்ல ஆரம்பித்தது.

வாக்கரிலிருந்து கக்கத்துக் கட்டைக்கு, அதிலிருந்து ஒற்றைக் கோலுக்கு. கோலை அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது காலில் அடி என்றால் இடது கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். வீட்டில் எல்லோரும் இதை மனப்பாடம் செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் படியில் கைத்தாங்கலாகப் பிடிக்கிறவர்கள்தான் அவசரத்தில் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள்.

பிசியோவுக்குத் தினமும் ஆட்டோ பிடித்துப் போக வசதியில்லாதவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் சேர்ந்திருக்கிறது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்க வருகிற திட்டம் என்று மட்டுமே பலருக்குத் தெரியும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இனி நரம்பு. கெடு உள்ள காயம் இது. பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டவர் தோளில் விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் எதிர்ப்பக்கமுமாகப் பிய்த்து இழுக்கப்படும். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல் இழுபட்டுக் கிழியும், சில நேரம் தண்டுவடத்திலிருந்தே வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பிரேக்கியல் பிளெக்ஸஸ் காயம் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். தலைக்காயமும் தொடை முறிவும் சேர்ந்து வந்தவருக்கு உயிரைக் காப்பாற்றும் மும்முரத்தில் தொங்கிக்கிடக்கும் கையை எல்லோரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். கையில் எலும்பு உடையவில்லை, வெளியே காயம் இல்லை, ஆகவே "அடிபட்ட அதிர்ச்சி, தானா சரியாயிடும்" என்று ஒரு பேச்சு கிளம்பும். எண்ணெய் போட்டு நீவுவார்கள்.

லேசாக இழுபட்ட நரம்பு தானாகச் சரியாவது உண்மைதான். அதனால்தான் மூன்று மாதம்வரை அடிக்கடி சோதித்துப் பார்ப்பார்கள். அதன் பிறகும் தோள் உயரவில்லை, முழங்கை மடங்கவில்லை என்றால் அறுவையை ஆறு மாதத்துக்குள் முடிப்பதே நல்லது. ஏன் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. வெட்டுப்பட்ட நரம்பு வளர்வது நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். கழுத்திலிருந்து விரல்வரை 70 சென்டிமீட்டர் என்றால் இரண்டு வருடம். ஆனால் நரம்பிலிருந்து சேதி வராத தசை ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டுதான் தாக்குப்பிடிக்கும், பிறகு நார் நாராகிவிடும். நரம்பு வந்து சேரும்போது வேலை செய்யத் தசை இருக்காது.

தூரத்தைக் குறைப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். முழங்கைக்கு மேலே, நல்ல நிலையில் உள்ள இன்னொரு நரம்பிலிருந்து ஓரிரு இழைகளைப் பிரித்தெடுத்து, கையை மடக்கும் தசையின் நரம்போடு தசைக்குப் பக்கத்திலேயே இணைப்பது. பிரெஞ்சு மருத்துவர் கிறிஸ்டோஃப் ஒபெர்லான் 1994இல் இதை விவரித்தார். கை விரல்களின் நரம்பு தப்பியிருப்பவர்களுக்கே இது பொருந்தும். சில மாதங்களில் முழங்கை மடங்கத் தொடங்கும். தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு கல்லூரிப் பையன் இருந்தான், ஒன்றரை வருடத்துக்கு முன் விழுந்தவன், தோள்பட்டையிலிருந்து கை துணிபோல் தொங்கும். அவன் அம்மா என்னிடம் சொன்னது: "முன்னாடியே வந்திருந்தா ஆயிருக்கும்னு சொல்றாங்கம்மா. எங்களுக்கு யாரு சொன்னா?" இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த யாருக்காவது கை தொங்கிப்போயிருந்தால், மாதத்தை எண்ணுங்கள். நரம்பு அறுவை செய்கிற பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது கை அறுவைப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

கை கால் எடுக்கப்பட்டவர்களுக்கு இல்லாத விரல் வலிக்கும், இல்லாத பாதம் அரிக்கும். வீட்டில் சொன்னால் மனநோய் என்று நினைப்பார்களோ என்று பலர் வாயைத் திறப்பதில்லை. மூளையில் அந்தக் கைக்கான வரைபடம் அழியாமல் இருப்பதால் வருகிற உண்மையான வலி அது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியால் இதற்கு வழி காட்டினார். அவர் விவரித்த நோயாளிகளில் ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டுக் கை நரம்புகள் வேரோடு பிடுங்கப்பட்டவர். செயலிழந்த கையைப் பிறகு எடுத்துவிட்டார்கள். இல்லாத கை இறுகி உறைந்துபோனதாகவே அவருக்கு ஆண்டுக்கணக்கில் தோன்றியது. நல்ல கையைக் கண்ணாடி முன் அசைத்து, பிம்பத்தை இழந்த கையாகப் பார்த்தபோது அது மீண்டும் அசைவதாக உணர்ந்தார். எல்லோருக்கும் இது பலிக்காது. ஆனால் செலவு ஒரு கண்ணாடிதான், பிசியோதெரபிஸ்டின் துணையோடு செய்து பார்க்கலாம். செயற்கைக் கால் விஷயத்தில், 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் டாக்டர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் கால் நம் வாழ்க்கைக்கென்றே செய்தது. செருப்பில்லாமல் நடக்கலாம், சம்மணம் போடலாம், குத்துக்கால் இடலாம். சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கைக் கால் செய்து பொருத்தி, நடக்கவும் பழக்குகிறார்கள்.

தலையில் அடிபட்டவர் வீட்டுக்கு வந்த பிறகு வேறு மாதிரி ஒரு கஷ்டம் தொடங்குகிறது. ஸ்கேன் நார்மல் என்பார்கள். ஆனால் சாதுவாக இருந்தவர் தட்டைத் தூக்கி எறிவார். டி.வி. சத்தம் தாங்காது. காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். பணக் கணக்கு குழம்பும். சிலருக்கு மோப்பமே போய்விடும், கேஸ் கசிந்தாலும் தெரியாது, ஆகவே அடுப்படியில் தனியே விடக் கூடாது. "திமிர்", "சோம்பேறித்தனம்" என்று வீட்டில் வைக்கும் பெயர்கள்தான் அவர்களை அதிகம் காயப்படுத்துகின்றன. முன்மூளை அடிபட்டதால் கோபத்தை அடக்கும் கடிவாளம் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதன் பிறகும் ஓரிரு ஆண்டுகள் மெல்லத் தொடரும். இரைச்சல் குறைந்த அறை, தினமும் அதே நேரத்தில் அதே வேலை, சுவரில் பெரிய எழுத்தில் ஒரு நாள்காட்டி, முழுத் தூக்கம், மது அறவே கூடாது. வலிப்பு மாத்திரை எழுதியிருந்தால் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. விபத்து நடந்து சில வாரம் கழித்துத் தலைவலி கூடிக்கொண்டே போனால், தூங்கி வழிந்தால், ஒரு பக்கம் தள்ளாடினால் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும். உள்ளே ரத்தம் மெதுவாகக் கசிந்து சேரும் வாய்ப்புண்டு.

அடிபடாத மனம் என்று யாருக்கும் இல்லை. தம்பி ராத்திரியில் லாரி ஹாரன் கேட்டால் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிடுவான். "அக்கா, நான் உங்களுக்கெல்லாம் பாரமா ஆயிட்டேன்ல?" என்று ஒரு நாள் கேட்டான். அப்படிக் கேட்பவரிடம் "சே, அப்படிப் பேசாதே" என்று வாயை அடைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து முழுதும் பேசவிடுங்கள். தூக்கமே இல்லை, சாப்பாட்டில் விருப்பமில்லை, சாகலாம்போல் இருக்கிறது என்ற பேச்சு வந்தால் 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையில் தமிழிலேயே பேசலாம். இலவசம்தான்.

சாப்பாட்டில் நம் வீடுகளில் செய்வது பெரும்பாலும் தலைகீழ். முட்டை சீழ் வைக்கும், பருப்பு வாயு, மீன் ஆகாது என்று ஒவ்வொன்றாக விலக்கிக் கஞ்சியும் ரசமும் கொடுப்பார்கள். புண் ஆறுவதும் எலும்பு கூடுவதும் தசை திரும்புவதும் புரதத்தால்தான், பெரிய காயத்துக்குப் பிறகு உடம்பு வழக்கத்தைவிட அதிகம் கேட்கும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். அதோடு பருப்பு, சுண்டல், மீன், தயிர், வேர்க்கடலை. ஆட்டுக்கால் சூப் கொடுக்கலாம், நாக்குக்கும் மனசுக்கும் இதம், ஆனால் அதில் எலும்புச் சத்து இறங்கிவிடுகிறது என்று நம்பி மற்றதைக் குறைக்காதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, ஒரு களி உருண்டை சூப்பைவிட மேல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

சொல்லக் கூச்சப்படும் விஷயம் ஒன்று: கழிப்பறை. குத்துக்கால் வைத்து உட்கார முடியாது. யாரையும் கூப்பிடக் கூச்சப்பட்டுத் தண்ணீரும் சாப்பாடும் குறைத்துக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும், பிறகு மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் சேரும். நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலியை டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே வாங்கிவிடுங்கள், வாடகைக்கும் கிடைக்கும். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் பிடிக்க ஒரு கம்பி, வழுக்காத மேட். ராத்திரி பாத்ரூமில் வழுக்கி விழுந்து மறுபடி உடைத்துக்கொண்டு வருபவர்கள் வார்டில் எப்போதும் உண்டு.

பணமும் காகிதமும். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கியது. அதற்குப் பிறகான அறுவைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உதவும். அட்டை இல்லாத தகுதியுள்ள குடும்பம் சிகிச்சைக்கு நடுவிலேயே விண்ணப்பிக்கலாம், ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு மேசையில் கேளுங்கள்.

இழப்பீட்டு வழக்குக்கும் கெடு உண்டு. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். ஆள் நடக்கட்டும், பிறகு வக்கீலைப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில், ஆட்டோவுக்குக் கொடுத்ததுகூட ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் பெற வழி உண்டு. தானே சறுக்கி விழுந்தவர் தன் வண்டியின் பாலிசியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டியின் உரிமையாளரே ஓட்டியிருந்தால் 15 லட்சம் ரூபாய் வரையான தனிநபர் விபத்துக் காப்பீடு அதில் இருக்கலாம். ஒரு கை அல்லது ஒரு காலை இழந்தவருக்கு அதில் பாதி.

வழக்கில் ஊனம் எத்தனை சதவீதம் என்பதை மட்டும் வைத்து எதிர்த்தரப்பு கணக்குப் போடும். 2010இல் தீர்ப்பான ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. உடலின் ஊன சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு. இடது கையை இழந்த தச்சருக்கும் டிரைவருக்கும் பிழைப்பே போய்விடலாம், அதே இழப்பு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவரின் வேலையைப் பறிக்காமல் இருக்கலாம். ஏணி ஏற முடியாத ஏ.சி. மெக்கானிக் என்ற ஒரு வரியைத் தம்பியின் மனுவில் வக்கீல் சேர்த்தது இதனால்தான். சான்றிதழில் ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டைக்கும் சலுகைகளுக்கும் தகுதி வரும். அரசு வேலையில் இருக்கும்போது ஊனமானவரை வேலையைவிட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

மறுபடி வண்டி ஓட்டலாமா என்பது கடைசியாக வருகிற கேள்வி, ஆனால் அடிபட்டவர் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார். கோல் இல்லாமல் நடக்க வேண்டும், வலியில்லாமல் அந்தக் காலால் ஓங்கி மிதிக்க முடிய வேண்டும், கழுத்து இரு பக்கமும் திரும்ப வேண்டும். தலைக்காயமோ வலிப்போ இருந்தால் நரம்பியல் டாக்டர் சொல்லும்வரை கூடவே கூடாது. பைக்கின் பின்பிரேக் வலது காலில் என்பதை மறக்காதீர்கள். உடல் தயாரானாலும் மனம் தயாராகாமல் இருக்கலாம், அதற்கு யாரும் அவசரப்படுத்த வேண்டியதில்லை.

தம்பி இன்னும் வண்டியை எடுக்கவில்லை. இப்போது ஒரு கடையில் உட்கார்ந்து ஏ.சி. போர்டு ரிப்பேர் செய்கிறான். போன வாரம் பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். டவுன் பஸ் வந்து நின்றதும் கம்பியைப் பிடித்து, யாரும் சொல்லாமலே இடது காலை முதலில் படியில் வைத்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையசைத்தான்.